முதுகுக்கு இதமான வண்டி

"வண்டி எதுக்குத் தம்பி வேணும்?"

இந்தக் கேள்வியை எக்ஸ்ரேக்காரர் எதிர்பார்க்கவில்லை. வண்டியை விற்க இருந்த அம்மாள் தன் வீட்டு ஷெட்டில் தார்ப்பாயை விலக்கியபோதே அவர் மனசு அந்தச் சாம்பல் நிறச் சின்னக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது வண்டி. பேட்டரி செத்துக் கிடந்ததால் ஓட்டிப் பார்க்க வழியில்லை.

உண்மையைச் சொல்வதென்றால், ரேஸ் ட்ராக்கில் ஓட்டத்தான். ஊருக்கு வெளியே இருந்த ட்ராக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண ஆட்களுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீரச் சுற்றலாம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதருக்கு, ஒரு நாளாவது தான் அசைந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸை ஓட்டும் நண்பன்தான் யோசனை சொன்னவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராக்கில் காவலுக்கு நிற்பதும் அவன் வண்டிதான். "லேசான வண்டியாப் பாருங்கண்ணே. பிரேக் நல்லா இருக்கணும். உடைஞ்சா மூலைக்கடையில பார்ட்ஸ் கிடைக்கணும்."

முதலில் பார்த்த சிவப்பு வண்டியின் டயர் நாலும் சேர்ந்து அவர் சம்பளத்தை விழுங்கிவிடும். அடுத்தது ரொம்பவே லேசு. தரைத் தகடு துருப்பிடித்து விழுந்து, உட்கார்ந்தால் ரோடு தெரிந்தது. கைக்கு எட்டிய விலையில் மிஞ்சியது இந்தச் சாம்பல் வண்டிதான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்த அம்மாள். ரேஸ் என்று சொன்னால் பயந்து, வண்டியே இல்லை என்று சொல்லிவிட்டால்?

"என் சம்சாரத்துக்கு முதுகுவலிம்மா. குலுங்காமக் கூட்டிட்டுப் போகணும்."

அம்மாளின் முகம் இளகியது. "ஒரு வாரம் பொறுங்க தம்பி. மெக்கானிக்கை விட்டு ஓடுற மாதிரி பண்ணித் தரேன்."

வந்த வண்டி முன்னைவிடச் சற்று உயரமாகத் தெரிந்தது. டயரில் காற்று நிரப்பியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மனைவி அவருடைய போனோடு வந்து நின்றாள். "ஏங்க, யாரோ ஒரு அம்மா என் முதுகு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. என் முதுகுக்கு என்ன?"

"வண்டி கைவிட்டுப் போயிடக் கூடாதேன்னு சும்மா சொன்னேன்."

"நல்லா இருக்குறவளை நோயாளி ஆக்கித்தான் வண்டி வாங்கணுமா? நான் இப்ப என்ன பதில் சொல்றது?"

"கொஞ்சம் வலிக்குதுன்னு சொல்லிடேன்."

சொன்னாள். கேட்டவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே ஒரு தலையணையோடு நேரில் வந்துவிட்டார். மனைவி அப்போது ஸ்டூல் மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படு! சீக்கிரம் படு!" என்று எக்ஸ்ரேக்காரர் பதறினார்.

அவள் குதித்தாள். கட்டிலில் விழுந்தாள். முதுகில் எதுவோ சுளுக்கிக்கொண்டது. உயிர் போவது போல் கத்தினாள்.

"அடடா, கொஞ்சம்னு சொன்னீங்களே, இவ்வளவு மோசமா?" என்று கண்கலங்கினார் அம்மாள்.

அடுத்த நாள் அடித்தளத்து மேஜையில் மனைவியையே படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்.

"அசையாதே."

"அசைய முடிஞ்சா இங்க எதுக்கு வரேன்?"

அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து அவளை அந்த வண்டியில் வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார். நத்தை வேகம். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அவள் ஒரு நாள் கண்ணை மூடியபடி சொன்னாள், "உங்களை மன்னிக்கிறதா இல்லை. ஆனா ஒண்ணு, இந்த வண்டியில உட்கார்ந்தா மட்டும்தான் வலி தெரியல."

அவருக்கு அழுகை வந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலை என்று பொய் சொல்லி ட்ராக்குக்குப் போனார். வானம் மூடிக் கிடந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காலால் அழுத்தினார். வண்டி யோசித்தது. இன்னும் அழுத்தினார். பெருமூச்சு விட்டது. வளைவில் திருப்பினால் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நேர்ரோட்டில் மறுபக்கம் சாய்ந்தது. எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். போனவர்களே சுற்றி வந்து மறுபடியும் தாண்டினார்கள். ஒருவன் கை வேறு ஆட்டினான்.

பின்னால் சைரன் கேட்டது. எங்கோ ஒரு வண்டி மண்ணில் இறங்கிவிட்டதாம். ஆம்புலன்ஸ் அவரை நெருங்கியது. ஒலிபெருக்கியில் நண்பனின் குரல்: "அண்ணே, கோவிச்சுக்காம கொஞ்சம் ஓரம் போங்க!"

ஓரம் போனார். அப்படியே கேட்டைத் தாண்டி வெளியேயும் போனார். தன் தலையில் வேகம் எழுதியிருக்கவில்லை என்று தோன்றியது. ஒரு பொய்க்காக மனைவியைப் படுக்கையில் தள்ளியதுதான் மிச்சம். நேராக அந்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். எல்லாவற்றையும் கொட்டினார். முதுகுவலி பொய் என்பதை, பிறகு அது நிஜமானதை, ட்ராக்கில் பட்ட அவமானத்தை.

"உங்ககிட்டப் பொய் சொன்ன பாவம்தாம்மா. ரேஸ்னு சொன்னா வண்டியைக் குடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

 அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பாவி மனுஷா! என் வீட்டுக்காரர் ரேஸுக்குன்னே பார்த்துப் பார்த்துக் கட்டின வண்டிய்யா அது. உன் பொண்டாட்டி முதுகு குலுங்கக் கூடாதேன்னுதானே சாதா எஞ்சினை மாட்டிட்டு, அந்த ரேஸ் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் கழட்டி எடைக்குப் போட்டேன்!"