சூசையப்பர் படமும் நின்று நின்று ஓடிய லேத்தும்

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்.
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்க அக்கா செலின் பெற்ற ஒரே பொக்கிஷமாகிய டெர்வின் முழங்காலில் நின்று எழுதுவது. கடவுள் அருளால் இங்கே எல்லோரும் சுகம். பட்டறைக் கடைசல் மெஷினாகிய லேத்தும் இப்போது சுகம். என் போன் சர்வீசில் இருப்பதால் பேனாவுக்கு வேலை வந்தது.

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டியின் கதவுக்கு நேற்று மாலை ஐந்து மணியளவில், குடும்பத்தினர் முன்னிலையில், சாம்பல் நிறப் பெயிண்ட் இரண்டு கோட்டிங் இனிதே அடிக்கப்பட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், விஷயம் அது இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே, நீங்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய டிரைவ், லேத் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமான், அது நேற்று உங்கள் மானத்தைக் கடலில் தள்ளப் பார்த்தது. நான்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன்.

வெள்ளைச்சாமி அண்ணாச்சிக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு மீன்பிடி போட். தடைக்காலம் முடிந்து இன்று விடிகாலை எல்லாப் போட்டும் கடலில் இறங்குகிறது, அவருடையது மட்டும் புரொப்பெல்லரைச் சுற்றுகிற தண்டாகிய ஷாஃப்ட் இல்லாமல் கரையில் கிடந்தது. புது ஷாஃப்டைக் கடைந்து நேற்று ரெண்டு மணிக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். அந்தக் கனத்தில் எங்களிடம் இருந்த ராடு அது ஒன்றுதான். கெட்டுப்போனால் அடுத்தது மெயின்லேண்டிலிருந்து வர ஒரு மாதம். அண்ணாச்சி ஏழு மணிக்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கிற சம்பந்தி மாதிரி லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு முதல் அடி. சீவிக்கொண்டு இருக்கும்போதே மோட்டார் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால் டிரைவின் சின்னத் திரையில் ஓ, ஹெச் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து, எங்களைப் பார்த்து 'ஓஹோ' என்று இளிக்கிற மாதிரி. ஷாஃப்டில் டூல் நின்ற இடத்தில் மோதிரம் போல ஒரு கோடு. அதைச் சீவி எடுத்தால் கனம் குறையும். அப்பா மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கோடு தாங்கும். அதுக்கு மேல விழுந்துச்சுன்னா இது ஷாஃப்ட் இல்ல, கொடிக்கம்பம்" என்றார். அண்ணாச்சி ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார்.

குட்வில் எஸ்டேட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் ஹரிஹரன் அண்ணன் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். "அரே, இது சூடு அதிகமாயிருச்சுன்னு சொல்லுது பாய்" என்று மோட்டாரைத் தொட்டார். பச்சைத் தண்ணியாக இருந்தது. பெட்டிக் கதவைத் திறந்து வைத்து வயரை இழுத்துப் பார்த்தார், கரண்டை அளந்தார், உள்ளே சின்ன ஃபேனும் சமர்த்தாகச் சுற்றியது. இருபது நிமிடம் லேத் ஓடியது. "சப் டீக் ஹே, எல்லாம் சரி" என்று கதவை மூடினார். டீ வந்தது. டீ கிளாஸ் பாதி காலியாவதற்குள், சரியாகப் பதினோரு மணிக்கு, மறுபடியும் நின்றது. ரெண்டாவது கோடு.

"நான் பாத்தா ஓடுது, மூடுனா நிக்குது. இது கரண்ட் கோளாறு இல்ல, யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றார் ஹரிஹரன் அண்ணன்.

"அப்ப கதவைத் தொறந்தே போட்டு ஓட்டுப்பா ஜெபராஜு!" என்று அண்ணாச்சி அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"தொறந்து போட்டுத்தான போன வருசம் சீவுன இரும்புச் சுருள் பறந்து உள்ள விழுந்து பழைய டிரைவு டப்புன்னு போச்சு! எல்லாம் மச்சான் நம்ம தலையில கட்டுன குப்பை அண்ணாச்சி, கழட்டிக் கடல்ல போடுறேன் பாருங்க."

"எந்தம்பிய இழுக்காதீங்க" என்று அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

அப்பா ஸ்பேனரை எடுத்துவிட்டார் மாமா. மணி பதினொன்று நாற்பது. அப்போதுதான் என் மூளையில் மின்னல் அடித்தது. பெட்டிக் கதவில் காற்றுப் போக வரிசையாகத் துளைகள் இருக்கிறதல்லவா? அதன் மேலே சூசையப்பர் படம், லேமினேஷன் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி! மே ஒன்றாம் தேதி தொழிலாளர் சூசையப்பர் திருநாளில் பங்குச் சாமியார் வந்து மெஷினையெல்லாம் மந்திரித்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். மே முழுக்கப் பத்து நிமிட வேலைகள்தான், அதனால் தெரியவில்லை. நேற்றுத்தான் நீள வேலை; மூச்சு முட்டிவிட்டது.

சொன்னேன். "ஏல, சூசையப்பர் மேலயா பழி போடுற?" என்று அம்மா பாய்ந்தார்.

"இல்லம்மா, அவரு தச்சராச்சே, லேத் பக்கத்துல என்ன வேலை? அவருக்கும் புழுங்கும்ல."

படத்தை நானே பயபக்தியோடு உரித்தேன். ஒரு நிமிடம் பட்டறையே பேச்சற்று நின்றது. அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் கண் சிவந்தது. எப்பேர்ப்பட்ட மகன் என்று நினைத்திருப்பார்!

அதன் பிறகு கதவை மூடியே ஓட்டினோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒன்றேகாலுக்கு ஷாஃப்ட் தயார், ரெண்டு மணிக்குக் கப்பலில். இன்று காலை அண்ணாச்சி போட்டும் கடலில். உங்கள் டிரைவ் நிரபராதி. பிளஸ் டூ முடித்ததும் என்னை உங்கள் கம்பெனியில் சேர்த்துக்கொள்வது உங்கள் கம்பெனிக்கு நல்லது.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு ஒரு கொட்டு, உங்களுக்கு சூசையப்பரின் ஆசீர். அவர் இப்போது எதிர்ச் சுவரில் நல்ல காற்றோட்டமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
தீவு காத்த டெர்வின்

பி.கு: மாமா, அந்தக் கதவில் இரண்டு விளக்கு இருக்கிறது, கண் மாதிரி. நடுவில் சிவப்பு பட்டன், மூக்கு மாதிரி. கீழே துளை வரிசை, பல் மாதிரி. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மார்க்கரை எடுத்து மீசை மட்டும்தான் சேர்த்தேன், அப்படியே அப்பா. அழிக்க அழிக்கப் போகவில்லை, சாமியார் வேறு வந்துகொண்டிருந்தார். ஆணியில் தொங்கின படத்தை எடுத்து அதன் மேல் ஒட்டியது நான்தான். பட்டறை ஏன் பேச்சற்று நின்றது என்று இப்போது புரிந்திருக்கும். போன் சர்வீசில் இல்லை, அப்பாவின் டிராயரில். பெயிண்ட் அடித்தது நான். அப்பா பின்னால் வந்து நின்று, "மீசை வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டல" என்றார், அப்புறம்தான் "அடி" என்றார்.

இன்னொன்று. மின்னல் பத்தரைக்கே அடித்துவிட்டது மாமா. ஹரிஹரன் அண்ணன் கதவைத் திறந்ததும் ஓடியதே, அப்போதே எனக்குத் தெரியும். படத்தை எடுத்தால் மீசை தெரிந்துவிடுமே என்று பயந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சொல்லாமல் மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த ரெண்டாவது கோடு என்னுடையது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நான் முழங்காலில் நிற்பது மீசைக்கு மட்டும்தான். கோட்டுக்கு இன்னும் நிற்கவில்லை.