பெரியப்பாவை வாசலில் உட்கார வைத்த சவ்வு சார்

உத்திரமேரூர் வட்டாரத்தில் செல்சவ்வைப் பற்றிக் கேட்காமல் ஒரு டீகூட நிம்மதியாகக் குடிக்க முடியாது. காரணம் ஒரே ஆள்: எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் சவ்வு சார். நான் அங்கே வரலாறு எடுப்பவள்; எனக்கும் தப்ப வழியில்லை.

பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால், "நவுருங்க, நவுருங்க! சவ்வுமேல புரதம் இப்டித்தான் நவுரும்!" என்று கத்துவார். கண்டக்டர் பாவம், விசிலை ஊதிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிடுவார்.

அப்போது எனக்கும் பழையசீவரத்துச் சேகருக்கும் கல்யாணப் பேச்சு. எங்களுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் மானாம்பதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு படிகிற நேரம் பார்த்துப் பெரியப்பா, "இன்னாத்துக்கு அவசரம்? பாத்துக்கலாம்" என்பார். எல்லாரும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இப்படியே இரண்டு தடவை. சேகர் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாதம்மா," என்றார் சார். "ஒடம்புல டி செல்லுன்னு ஒண்ணு கீது. கிருமிய கண்டுபுடிக்கிற ஏற்பிங்க அதோட சவ்வுமேல செதறிக் கெடக்கும். கிருமித் துண்டைக் காட்டிக்கினு இன்னொரு செல்லு வந்து ஒட்டுனா, எல்லாம் அந்த எடத்துல கூடும். ஆனா நெட்டையா ஒரு புரதம் நடுவுல நின்னுக்கினு, செல்லை எழுப்ப ஏத்துற வெளக்கையெல்லாம் அணைச்சிக்கினே இருக்கும்."

"ஐயோ, எங்க பெரியப்பா!"

"அவரேதான்! ரெண்டு சவ்வும் நெருங்கி ஒட்டிக்கிச்சின்னா நெட்டைக்கு எடம் பத்தாது, ஓரமா பூடும். செல்லு முழிச்சிக்கும். பெரியப்பாவுக்கு ஒடம்புக்கு எதுனா தொந்தரவு?"

"முட்டி வலி சார். கீழ உக்கார முடியாது."

சாருக்கு அது போதும். மூன்றாவது பேச்சன்று காலையிலேயே வந்து, பிளாஸ்டிக் நாற்காலி அத்தனையையும் வாசல் வேப்பமரத்தடிக்குக் கடத்திவிட்டார். கூடத்தில் ஒரே ஒரு ஜமுக்காளம். இரண்டு வீட்டாரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். பெரியப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "நா காத்தாட வெளிய குந்திக்கிறேன்" என்று போய்விட்டார். காபி வருவதற்குள் நாள் குறித்தாகிவிட்டது!

தலை நிறையப் பூவோடு வாசலுக்கு ஓடினேன். பெரியப்பா தன் முட்டி வைத்தியத்தை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை பேசவிடாத சவ்வு சார், அவர் எழப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து, "அப்பால இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தலைப்பூவைப் பார்த்ததும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.