இருபதுக்குக் கீழே

"நாப்பத்திரெண்டு," என்றார் கம்பவுண்டர் அல்போன்ஸ். "இருவதுக்குக் கீழ வராம கட்டில விட்டு எழும்பப்பிடாது காக்கா."

குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் கூறும், ஊருக்கெல்லாம் அண்ணன் முறையில் காக்காவான மைதீன் கனிக்கு மாரடைப்பு வந்து ஆறு வாரம். வாராவாரம் அல்போன்ஸ் சைக்கிளில் வந்து ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஏற்றி, கட்டிலருகே மேசையில் தாங்கியோடு நிறுத்துவார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் கணக்கு; நிறைய இறங்கிவிட்டால் இதயத்தில் புண் ஆறவில்லை, எழுந்தால் ஆபத்து என்று அர்த்தம்.

மீன் அதிகம் படும் ஆடி பிறக்க ஒரு மாதமே இருந்தது. அதற்குள் கடற்கரைக்குப் போகாவிட்டால் மீன்பிடி வள்ளக்காரர்கள் ஏலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மனைவி நூர்ஜஹானுக்கு மட்டும் அவசரமில்லை. "இன்னும் ஒரு வாரம் கெடங்க," என்று கட்டிலருகே உட்கார்ந்து உள்ளி உரித்தாள். முப்பது வருஷத்தில் புருஷன் பகலில் அவளோடு பேசியது இந்த ஆறு வாரம்தான்.

குழாய் சரிந்தால் கணக்கு தப்பும் என்று முதல் நாளே அல்போன்ஸ் சொன்னது மைதீன் கனிக்கு நினைவு வந்தது. தப்பினால் குறையத்தானே வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அடுத்த வாரம் அல்போன்ஸ் டீ குடிக்கப் போனதும், மைதீன் கனி பழைய எலெக்சன் நோட்டீஸை மடித்துத் தாங்கிக்கு அடியில் செருகினார். அல்போன்ஸ் திரும்புமுன் உருவிவிட்டார்.

"அம்பத்தஞ்சு."

சரிவு போதவில்லை போலும். மறுவாரம் தீப்பெட்டி. "எழுவது." அதற்கடுத்த வாரம் துணி துவைக்கும் சவுக்காரக் கட்டி.

"தொண்ணூறு." அல்போன்ஸ் எழுந்துவிட்டார். "இனி வீட்டுல வைக்க முடியாது. நாகர்கோயிலுக்குக் கொண்டுபோவக் காரு பிடிக்கேன்."

மைதீன் கனி பயந்துபோய்ச் சவுக்காரக் கட்டியை நீட்டினார். "நாந்தான் மக்கா அடியில வச்சேன்."

"எந்தப் பக்கம் சரிச்சாலும் கூடத்தான் செய்யும். ஒங்க வீட்டுக்காரிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா." அல்போன்ஸ் குனிந்து பார்த்தார். "மேசைக்காலுக்கு அடியில தேங்காச் செரட்டை வேறயா?"

"அது நானில்ல."

அல்போன்ஸ் நம்பவில்லை. சிரட்டையை வெளியே எறிந்தார். மறுபடி ரத்தம் எடுத்து, டீக்குப் போகாமல் காவல் இருந்தார்.

"ஒம்பது."

"ஒம்பது ஒருதரம், ஒம்பது ரெண்டுதரம்," என்று மைதீன் கனி ஏலக் குரலில் கூவியபடி எழுந்து நின்றார்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த நூர்ஜஹான் முதலில் மேசைக்காலைத்தான் பார்த்தாள்.

"செரட்டைய ஏன் எடுத்திய? ஆடி முடியுற வரைக்காவது இவுக வீட்டுல கெடக்கட்டும்னுதான நான் வச்சேன்."