வேட்டைப் பூச்சிகளும் ஓட்டுநர் ஓய்வறையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, எங்கள் பேருந்துப் பணிமனையின் ‘சூழல் நேய மூட்டைப்பூச்சி மேலாண்மைக் குழு’வைக் கண்டுபிடித்தது. அந்தப் பணிமனையில் கோப்பு நகர்த்தியே ஓய்வு பெற்றவன் நான். அதனால் என்னையும் குழுவில் ‘அனுபவ ஆலோசகர்’ ஆக்கினார்கள். கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிடலாம், தலையாட்டலாம். இரண்டிலும் எனக்கு நல்ல அனுபவம்.

பிரச்சினை சின்னதுதான். வெளியூர் வண்டி ஓட்டி வந்து இரவு தங்கும் ஓட்டுநர்களுக்காகப் பணிமனை மாடியில் ஓர் ஓய்வறை உண்டு. கட்டில் இருந்தது, மெத்தை இருந்தது, மின்விசிறிகூட இருந்தது. தூக்கத்தை மட்டும் மூட்டைப்பூச்சிகள் எடுத்துக்கொண்டன.

‘மீசை’ என்று எல்லோரும் அழைக்கும் மூத்த ஓட்டுநர், பணிமனை மேலாளரிடம் வந்து நின்றார். மேலாளர்தான் குழுத் தலைவர்.

“ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கோம் சார். காலையில மலைப்பாதையில வண்டி எடுக்கணும். வளைவுல கண்ணு சொக்குது. மருந்து அடிச்சு விடுங்க.”

“மருந்தா? எந்தக் காலத்துல இருக்கீங்க? உலகமே இயற்கைக்குத் திரும்பிக்கிட்டிருக்கு.”

“நாங்க தூக்கத்துக்குத் திரும்பினாப் போதும் சார்.”

தலைவர் இந்த அற்பக் கோரிக்கையைப் பெருந்தன்மையோடு மன்னித்து, பூச்சி நிபுணரை வரவழைத்தார். நிபுணர் கண்ணாடி டப்பா ஒன்றைத் தாலாட்டுகிற மாதிரி ஏந்தி வந்தார். உள்ளே கறுப்பாக என்னவோ ஊர்ந்தது.

“இது வேட்டைப் பூச்சி. மூட்டைப்பூச்சியைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சிரும்.”

“அது எங்க ரத்தம்தானே சார்?” என்றார் மீசை.

“தற்போதைக்கு அதோடது.”

“எங்களையும் கடிக்குமா?”

“சீண்டினா கடிக்கும்.”

“படுத்துப் புரண்டா?”

“அதுதான் சீண்டுறது.”

குழு கைதட்டியது. நானும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

வேட்டைப் பூச்சியின் குஞ்சுகள் உடம்பெல்லாம் தூசியைப் பூசிக்கொண்டு மறைந்திருக்குமாம். ஆகவே ஓய்வறையைப் பெருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. துப்புரவுப் பணி செய்யும் அக்கா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“போன மாசம் பெருக்கலைன்னு மெமோ குடுத்தாங்க. இப்ப பெருக்கினா மெமோவாம். நான் இந்தத் துடைப்பத்தை எங்கய்யா கொண்டுபோய் வைக்கிறது?”

அடுத்த சுற்றறிக்கை இன்னும் நுட்பமானது. மூட்டைப்பூச்சி மனித மூச்சையும் உடம்புச் சூட்டையும் நாடித்தான் வெளியே வரும். அது வந்தால்தான் வேட்டைப் பூச்சி வரும். எனவே ஓட்டுநர்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சொறியக் கூடாது, மூச்சைச் சீராக விட வேண்டும். ஆவணங்களில் ஓட்டுநர் என்ற பழைய சொல் நீக்கப்பட்டு, ‘ஈர்ப்பு ஊடகம்’ என்ற கண்ணியமான பெயர் சேர்க்கப்பட்டது.

இப்படி இரண்டு வகைப் பூச்சிகளிடமும் கடிபட்ட ஊடகங்கள் பொறுமையிழந்தன. குழு முழுவதும் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த மதியம், மீசையும் அக்காவும் இரும்புக் கட்டில்களை முற்றத்துக்கு இழுத்துவந்து சந்துபொந்தெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள். மெத்தைகளைக் கொளுத்தினார்கள். அறையைக் கழுவி விட்டார்கள். இயற்கைக்கு இதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை.

அன்றிரவு மீசை தூங்கினார். மறுநாள் வண்டி ஓட்டிவிட்டு வந்து ரகசியம்போல் சொன்னார்: “ஐயா, வளைவெல்லாம் ஒண்ணு ஒண்ணாத் தெரியுது. இத்தனை நாளா ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. நான் குத்துமதிப்பா நடுவுல ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

குழு அவசரமாகக் கூடியது. நிபுணரின் உள்ளங்கையில் சில வேட்டைப் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன.

“பட்டினி,” என்றார் நிபுணர். குரல் உடைந்திருந்தது. “சாப்பிட ஒரு மூட்டைப்பூச்சிகூட இல்லை.”

அனைவரும் எழுந்து மௌனம் காத்தோம். நாங்கள் விண்ணப்பித்திருந்த பசுமை விருதுக்கான குழுவினர் பார்வையிட வரும் நேரத்தில் இப்படியா? ‘இரை வளத்தை மீட்டெடுப்பது’ என்று தீர்மானம் நிறைவேறியது. பக்கத்துப் பணிமனையிலிருந்து மூட்டைப்பூச்சி நிறைந்த மெத்தைகள், நோகாமல் போர்த்தப்பட்டு, அலுவலக ஜீப்பில் வந்து இறங்கின. மீசையின் கட்டிலில் முதல் மெத்தையைத் தலைவரே விரித்தார்.

“சார், மறுபடியுமா?”

“இயற்கைச் சங்கிலியில எல்லாருக்கும் ஒரு இடம் இருக்குய்யா.”

“என் இடம் எது சார்?”

“அடியில.”

விருதுக் குழு வந்தது, வாசலில் நின்றே வியந்தது, போனது. விருது உறுதியாயிற்று. விழாவுக்கு எளிமையாக நம் பேருந்திலேயே போவது என்று தலைவர் முடிவெடுத்தார். மேடையில் போடவிருந்த கோட்டைக் கசங்காமல் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்துக்கொண்டார். ஓட்டுநர், மீசை.

மலையேறிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து போனது. ஓரக்கல்லில் சக்கரம் உரசிய சத்தம் கேட்டது. மீசை திடுக்கிட்டு ஒடித்துத் திருப்பினார். அடுத்து வந்த சமதளத்தில் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்ததுதான் தெரியும்.

தலைவர் குதித்தார். “எந்திரிய்யா. விழா ஆரம்பிச்சிரும்.”

நடத்துநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எழுப்பாதீங்க சார். எழுப்பினா ஓட்டுவாரு.”

பயணிகள் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். உடனே எல்லோருடைய குரலும் தாழ்ந்தது. ஓர் அம்மா அழுகிற குழந்தையின் வாயில் விரலை வைத்து, “உஷ், டிரைவர் மாமா தூங்குறாரு,” என்றார். ஒருவர் செய்தித்தாளை மடித்து மீசைக்கு விசிறினார். ஓய்வறையில் கிடைக்காத வசதிகள்.

அவர் எழுந்து முகம் கழுவி, வண்டியை எண்ணெய் வழுக்குகிற மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்தார். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் தலைவர் கையில் விருதைத் திணித்துவிட்டு மற்ற நாற்காலிகளை மடக்கினார்கள்.

விசாரணை நேர்மையாக நடந்தது. தலைவர்தான் புகார் கொடுத்தவர், அவரே விசாரித்தார்.

“பணி நேரத்துல தூங்கினீங்களா?”

“ஆமா சார். ரொம்ப நல்லா.”

“ராத்திரி முழுக்க ஓய்வறையில என்ன பண்ணினீங்க?”

“நீங்க சொன்ன மாதிரி அசையாம படுத்திருந்தேன் சார்.”

தண்டனை கருணையோடு வழங்கப்பட்டது. வண்டி ஓட்டும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, மீசை ஓய்வறைக்கே நிரந்தர ஈர்ப்பு ஊடகமாக நியமிக்கப்பட்டார். விருதுப் பட்டயத்தை அவர் கட்டிலுக்கு மேலேயே மாட்டினார்கள். பளபளக்கும் எழுத்துகளில் பொறித்திருந்தது: ‘இம்முறையால் எந்த உயிருக்கும் சிறு தீங்கும் நேரவில்லை.’

மீசை முதுகைச் சொறிந்துகொண்டே அதை வாசித்தார். “ஏங்கய்யா, இதுல என்னை எதுல சேர்த்திருக்காங்க?” என்று என்னிடம் கேட்டார்.

சந்தேகம் வந்து, குழுவின் தீர்மானங்கள் அத்தனையையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பட்டயத்தில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஓட்டுநரை ஓர் உயிர் என்று எங்கள் குழு எந்த இடத்திலும் ஒப்புக்கொள்ளவே இல்லை.