மூன்றுக்கும் ஒன்றென்று நீங்கள் அனுப்பிய றிமோட்

திருகோணமலை
12.03.1999

வல்ல நாயனின் காவலில் கட்டாரில் தொழில் புரியும் அன்பு மருமகன் லாபிர் அவர்களுக்கு, மாமா முஹம்மது தம்பி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமியும் மகள் பரீனாவும் சுகம். சுகமில்லாதது என் முகம் ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு தெருவால் நடக்க ஏலாமல் பள்ளிவாசலுக்கும் பின்ஒழுங்கையால் போய் வருகிறேன்.

அங்கிருந்து லீவில் வந்த கலீலுர் றஹ்மானிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சல் கிடைத்தது. ரீவிக்கு, வீடியோ டெக்குக்கு, றேடியோ செற்றுக்கு என்று மூன்று றிமோட்டோடு மாமா அல்லாடக்கூடாது என்று மூன்றுக்கும் பொதுவாக ஒன்றை வாங்கி அனுப்பிய உங்கள் நல்ல மனதுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வரும் வழியில் செக்பொயின்டில் அதைக் கண்ட ஆமிக்காரர்கள் கலீலுர் றஹ்மானைத் தனியே நிறுத்தி, தாங்கள் தூரப் போய் நின்றுகொண்டு, "அமத்திக் காட்டு" என்றார்களாம். மனிசன் கண்ணை மூடி, கலிமாவைச் சொல்லி அமத்தியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சாமான் இந்த நாட்டுக்கு வந்து ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பிடியை இழுத்தால் மேலே போகும், மற்றதை இழுத்தால் பக்கத்தால் போகும், அவ்வளவுதான் கதை. இது அப்பிடி இல்ல மருமகன். முதல்ல ஆரோட கதைக்கப் போறம் எண்டு ஒரு பட்டனை அமத்திச் சொல்லவேணும், பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவேணும். ரீவியோட கதைச்சு முடிச்சு டெக்கோட கதைக்க வெளிக்கிட்டா, திரும்ப அதின்ட பேரைச் சொல்லிக் கூப்பிடவேணும். பேரெல்லாம் இங்கிலீசில, எறும்பளவு எழுத்து. கூட வந்த புத்தகத்தில கொம்பனிக்கு ஒரு நம்பர். நான் போட்ட முதல் நம்பருக்கு ரீவி செத்துப்போச்சு, அடுத்ததுக்கு உயிர் வந்து சிங்களத்தில செய்தி வாசிச்சிது. "தாங்க வாப்பா, நான் பாக்கிறன்" எண்டு பரீனா கேட்டவ. குடுத்தனானா? இல்ல.

போன வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு, அதே பார்சலில நீங்க அனுப்பின வீடியோ கசட்டைப் போடுவம் எண்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டன். புது றிமோட்டைக் காட்டுற எடுப்பு, வேறென்ன. முன்னூட்டுக் கமலேஸ்வரி ரீச்சரும் வந்தவ. கசட் ஓடத் தொடங்கினதும் ஒழுங்கையில றவுண்டப். ஒருத்தரும் வெளிய இறங்கப்படாது எண்டு ஆமி சொல்லிப்போட்டான். சரி, நல்லதாப் போச்சு, இருந்து பாக்கட்டும் எண்டு நினைச்சன் பாருங்க, என்ட புத்தி! உங்கட அறை, கட்டில், நீங்க சோறாக்கிற குக்கர் எல்லாம் பாத்து ரீச்சர், "பாவம், தங்கமான பிள்ளை" எண்டா. அப்பதான் நீங்க கமராவுக்குக் கிட்ட வந்து, "மாமா, இனிப் பரீனாவுக்கு மட்டும். இதோட நிப்பாட்டுங்க" எண்டு சொன்னீங்க.

அமத்தினன் மருமகன். அல்லாஹ் அறிய அமத்தினன். உங்கட சத்தம் கூடிச்சுது. திரும்ப அமத்தினன், பக்கத்தில றேடியோ செற் பாடத் தொடங்கிச்சு. இன்னொண்டை அமத்த நீங்க வாயைத் திறந்தபடி அசையாம நிண்டீங்க, அப்பாடா எண்டு மூச்சு விட முதல் மறுபடி கதைக்க வெளிக்கிட்டீங்க. உங்கட மாமி, "பிளக்கைக் கழட்டுங்க மனிசன்!" எண்டு கத்துறா. "சும்மா இரு றுக்கியா, எனக்குத் தெரியும்" எண்டன். அந்த வாயில நெருப்பை வைக்க. அதுக்குள்ள ஒழுங்கைக்கே கேக்க நீங்க சொல்லிப்போட்டீங்க: "பரீனா, ஊட்டை எழுதித் தந்தாரே தவிர வாப்பா இன்னும் விட்டுத் தரல்ல. லீவில வந்தா நான் விருந்தாளி மாதிரி வாசல் கதிரையில இருக்கன். பின்னூட்டுக்கு எப்ப போவீங்க எண்டு அவரைக் கேக்கவும் வெக்கமா இருக்கு."

மகளுக்குச் சீதனமா ஊட்டைக் குடுத்தா தாய் தகப்பன் அதே வளவில இருக்கிற சின்னப் பின்னூட்டுக்கு ஒதுங்கிறது எங்கட ஊர் வழமை. நிக்காஹ் முடிஞ்ச கையோட போறன் எண்டு சபையில சொன்னவனும் நான்தான். பிறகு சண்டை கொஞ்சம் ஓயட்டும், பின்னூட்டுக்குத் தரை போடச் சீமெந்து விலை இறங்கட்டும் எண்டு ஒவ்வொரு சாட்டா இருந்திட்டன். றிமோட்டைக் கதிரையில வச்சிட்டுக் கிணத்தடிக்குப் போனன். ரீச்சர் முகட்டைப் பாத்துக்கொண்டு இருந்தா. முகட்டில ஒண்டும் இல்ல. அப்பாலயும் போக ஆமி விடான், உள்ள போக வெக்கம் விடுதில்ல. எத்தனையோ ஆயிரம் மூட்டையைக் கப்பலேத்தின கை, என்ட மானத்தையும் ஏத்தி விட்டிட்டுது.

ஆகவே மருமகன் அறிய வேண்டியது என்னவென்றால், கட்டிலைக் கழற்றி முற்றத்தில் வைத்தாயிற்று. வரும் வியாழன் பின்வீட்டுக்குக் குடிபோகிறோம். வீட்டுத் திறப்பும் றிமோட்டும் பரீனாவின் கையில். நீங்கள் கேட்கும்வரை வைத்திருந்தது என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்குச் சுகத்தையும், உங்கள் முதலாளிக்கு நல்ல மனதையும் அல்லாஹ் கொடுப்பானாக. வஸ்ஸலாம்.

வெட்கத்துடன்,
மாமா முஹம்மது தம்பி

பி.கு: ஒட்டின கடிதத்தைப் பிரிச்சு எழுதுறன். கட்டிலைக் கண்டிட்டு உங்கட மாமி சிரிக்கிறா. "நீங்க பாதியில ஓடிட்டீங்க. அதுக்குப் பிறகு மருமகப்பிள்ளை, 'ஆனா உண்மையா வாப்பா போயிட்டார் எண்டா எனக்கு அந்த ஊட்டில கதைக்க ஆர் இருக்கா, வாசல் கதிரையே போதும், அவர் இருக்கட்டும்' எண்டு சொன்னது" எண்டுறா. பரீனாவைக் கேட்டா வெக்கத்தில குசினிக்குள்ள ஓடுறா. ரீச்சரைக் கேட்டா "ஓம் ஓம்" எண்டுறா, அவ ஆரையும் நோகடிக்க மாட்டா. அதுதான் என்ட காதால கேப்பம் எண்டு, ஒருத்தரும் இல்லாத நேரம் கசட்டைப் போட்டன். முறைப்படி டெக்கின்ட பேரை முதல்ல கூப்பிட்டு, பிறகு சிவப்புப் பட்டனை அமத்தினன். இந்த முறை றிமோட் சொன்னபடி கேட்டுது: சிவப்பு, ரீவியைக் கசட்டில பதியிற பட்டனாம். இப்ப நீங்க இருந்த இடத்தில, நெல்லுக்கு வாற பூச்சியைப் பத்தி ஒராள் சிங்களத்தில கதைச்சுக்கொண்டு இருக்கார், கசட் முடியுமட்டும். கட்டில் முற்றத்தில, மழை இருட்டுது. சொன்னனீங்க எண்டா ஒரு வரி எழுதுங்க மருமகன், எனக்கு மட்டும், கடுதாசியில. சொல்லாட்டியும், சொன்னன் எண்டு எழுதுங்க.