நோர்வேக்குப் போன சப்பாத்து

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் சின்னத்தார் ஏறாத கப்பல் இல்லை. எதிலும் அவருக்கு ஒரு அலுவலும் இருந்ததில்லை. எங்கள் களஞ்சியக் கந்தோரில் அவர் கணக்கெழுதும் லிகிதர். சாரணர் சின்னம், அதாவது பட்ஜ், சேர்க்கிற பைத்தியம் முற்றியதால் நாங்கள் வைத்த பெயர்தான் சின்னத்தார். எந்த மாலுமியும் சின்ன வயதில் சாரணனாக இருந்திருப்பான் என்பது அவர் நம்பிக்கை.

இத்தனைக்கும் அவர் ஒருநாளும் சாரணராக இருந்ததில்லை. முடிச்சுப் போடவே தெரியாது. சப்பாத்து நாடாவை மனைவி மேரியக்காதான் கட்டிவிடுவார். வீட்டு அலுமாரி முழுக்கப் பட்ஜ். உடுப்பெல்லாம் குசினிக் கொடியில் தொங்கும். அதனால் சின்னத்தார் கந்தோருக்கு வரும்போது மீன்குழம்பு வாசமும் கூடவே வரும்.

விற்கமாட்டார், வாங்கமாட்டார். மாற்றுத்தான். "சும்மா குடுக்க ஏலாது" என்பார். ஒருமுறை நோர்வே மாலுமியிடம் மாற்றுக்குப் பட்ஜ் போதாமல், சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

"எங்கயப்பா சப்பாத்து?" என்று கேட்டோம்.

"நோர்வேக்குப் போகுது" என்றார் பெருமையாக.

வீட்டில் மேரியக்கா ஒன்றுதான் சொன்னார்: "நல்லது, நாடா கட்டுற வேலை மிச்சம்."

அவரிடம் இருந்ததில் உசத்தி, எங்கள் ஊர்ச் சாரணர் முன்பு அணிந்த மான் பட்ஜ். உலகத்தில் வேறு இல்லை என்று சத்தியம் செய்து, சட்டைப் பையிலேயே கொண்டு திரிவார். பாய்க்கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதற்கு முப்பது பட்ஜ் நீட்டினார். ஊருக்குப் போய் வாட்ஸ்அப்பில் ஐம்பதாக்கினார். சின்னத்தார் மறுத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிறகொரு நாள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் மானைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிண்ணியாவிலிருந்து கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு பழைய படம். அதில் சாரணர் உடுப்போடு அவருடைய மறைந்த மூத்த சகோதரர்; அவர் வாயில் 'காக்கா'. சட்டைக் கையில் அதே மான்.

"காக்கா மௌத்தாகிட்டார். வீட்டுச் சாமான் எல்லாத்தையும் சுனாமியில கடல் கொண்டுபோயிட்டுது. அந்த மானை ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமா, தம்பி?"

சின்னத்தார் எடுத்துக் கொடுத்தார். ரீச்சர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"மாற்றுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னட்ட ஒண்டுமில்லையே."

"காக்காவைப் பற்றிச் சொல்லுங்கோ ரீச்சர். அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை ரீச்சர் சொன்னார். காக்கா மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் அழுத கதைக்கு அவரே சிரித்தார். மான் அவருடைய கைப்பைக்குள் போயிற்று.

அன்று பின்னேரம் சின்னத்தாரை என் மோட்டார் சைக்கிளில் பாலையூற்றில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும், "மெல்லமாப் போங்கோ, றோட்டில மாடு நிக்கும்" என்றார். அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. வெட்கத்தில் ஹோர்னை மட்டும் அடித்துவிட்டு வந்தேன்.