டிரைவர் வீட்டு நோயாளி

"ஒரு நோய்கூட இல்லையா?"

கேட்டு முடித்த பிறகுதான், ஒரு நர்ஸ் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதிரே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவர் முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. சர்க்கரை அளவோடு இருந்தது. நாடி, பார்வை, எடை எதிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சிருங்க சிஸ்டர்," என்றார் டிரைவர், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

அவளுக்கு அழுகை முட்டியது. பன்னிரண்டு பக்க ரெக்கார்டு நோட்டு மடியில் வெறுமையாகக் கிடந்தது.

மூன்று வருட டிப்ளமோ முடித்து, ஒன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். பட்டம் இல்லாமல் ஒரு வார்டுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் சீருடை மாட்டி, டிப்ளமோக்காரர்களுக்கான பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தாள். டிப்ளமோ முடித்த கையோடு வந்த இருபத்தோரு வயதுப் பிள்ளைகள் அவளை 'ஐ.சி.யு. அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

ஐ.சி.யு.வில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அங்கே அவளிடம் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பேசும் நிலையில் இல்லாதவர்கள். பேசுகிற நோயாளியைக் கண்டால்தான் அவளுக்குக் கை உதறும். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழக வேண்டிய சமுதாயப் பயிற்சியில் போன வருடம் தோற்றதும் அதனால்தான். இரண்டாம் முறையும் தோற்றால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். கல்லூரி ஒதுக்கிய வீட்டுக்கு இரண்டு வாரம் போய், அங்கே உள்ள நோயைக் கண்டுபிடித்து, கவனிப்புத் திட்டம் எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் காட்ட வேண்டும்.

"அம்மாவையாவது பார்க்கலாமா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

டிரைவரின் மனைவி அவள் பையைத் திறந்த நிமிடமே உள்ளே போனவர். "எனக்கு என்ன கேடு? குத்துக்கல் மாதிரி இருக்கேன். அவரைப் பாருங்க," என்று குரல் மட்டும் வந்தது.

டிரைவர் ஒரு கணம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், இப்பத்தான் ஞாபகம் வருது. ராத்திரி சரியா தூக்கம் வர்றதில்ல."

அவள் பேனாவைத் திறந்த வேகத்தில் மூடி பறந்து போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது.

சாயங்காலம் விடுதியில், தடித்த கண்ணாடி போட்ட வகுப்புத் தோழி சலித்துக்கொண்டாள். "தூக்கமின்மை மட்டும்தானா? எனக்குக் கிடைச்ச வீட்டுல சுகர், பிரஷர், புகை மூணும் இருக்குக்கா. தாத்தா தங்கமானவரு. இன்னும் கிளறுங்கக்கா, வரும்."

அவள் கிளறினாள். வந்தது.

மறுநாள் டிரைவருக்குத் தலைவலி.

"எந்த இடத்துல வலிக்குது ஐயா?"

டிரைவர் யோசித்தார். "இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்." உள்ளே போனார். பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்து, "பின்மண்டையில. காலையில எந்திரிக்கும்போது," என்றார் தீர்மானமாக.

"எத்தனை நாளா?"

"இருங்க, தண்ணி குடிச்சிட்டு..."

அன்றைக்கு ஐந்து முறை தண்ணீர் குடிக்கப் போனார். அவள் விடுவாளா? 'அதிக தாகம்' என்று எழுதி, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த நாளும் குத்தினாள். அதற்கடுத்த நாள் அவளைக் கண்டதும் டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குத் தலைசுற்றல். "துணி காயப்போட கையைத் தூக்கினா அப்படியே சுத்துது சிஸ்டர்."

"இந்த வீட்டுல துணி காயப்போடறது நீங்களா?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "காயப்போட்டா சுத்தும்னு சொல்றேன்."

ஐந்தாம் நாள் கால் வீக்கம். அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை.

"சாயங்காலம்தான் வீங்கும். நீங்க வர்றதுக்குள்ள வடிஞ்சிருது."

"எந்தக் கால்?"

"ரெண்டும்... இருங்க, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் பெருமூச்சு விட்டு, 'மறதி' என்று சேர்த்துக்கொண்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் வாரக் கடைசியில் சொன்னபோது கணக்கு ஏழாயிற்று. படியில் ஏறிக் காட்டச் சொன்னாள். ஆர்வக் கோளாறில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். மூச்சு வாங்கவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

எழுதியதை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்றுதானே போன வருடம் தோற்கடித்தார்கள்? ஏழுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டாள். உப்பைக் குறைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மதியம் காலை உயர்த்திவைத்துப் படுக்க வேண்டும்.

"அவளையும் கூப்பிட்டுச் சொல்லுங்க சிஸ்டர். சமைக்கிறது அவதானே," என்றார் டிரைவர்.

மனைவி கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டார். "ரெண்டு சமையல் என்னால ஆகாது. எனக்கும் உப்பில்லாமலே இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அலுப்போடு.

"தலைசுத்தற மனுஷன் தனியா நடக்கலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

"கூடாது. அம்மா, நீங்களும் கூடப் போகணும்."

"இந்த வயசுல இவருக்குக் காவல் வேறயா!" மனைவி முனகிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

டிரைவர் திருப்தியாகத் தலையாட்டினார். உப்பில்லாத சாப்பாட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்படும் மனிதரை அவள் பார்த்ததேயில்லை.

ஏழு அறிகுறிகளையும் சேர்த்துவைத்தால் எந்த நோயிலும் அடங்கவில்லை. கண்ணாடிக்காரி தலையணை அளவுப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, வாயில் நுழையாத ஒரு பெயரைக் கண்டுபிடித்தாள். "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம்க்கா!"

அவள் பயந்துபோய் மேடத்திடம் ஓடினாள். சமுதாயப் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியை அவர். அவருக்கோ கண்கள் மின்னின. "அபூர்வமான கேஸா இருக்கே! தேர்வை அந்த வீட்டுலயே வெச்சிடலாம். தேர்வாளர் நேர்ல பார்க்கட்டும்."

"மேடம், எனக்கே அது சரிதானான்னு..."

"தன்னம்பிக்கை வேணும்," என்றார் மேடம்.

தேர்வன்று மேடமும் மற்ற மாணவிகளும் வந்துவிட்டதில் டிரைவரின் கூடத்தில் நாற்காலி போதவில்லை. தேர்வாளர் நரைத்த தலையோடு, குறைவாகப் பேசுகிற அம்மாள். டிரைவரை உச்சி முதல் பாதம்வரை அரை மணி நேரம் சோதித்தார். பிறகு ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார்.

"இது ஒரு ஆளோட நோட்டா, ஒரு வார்டோட நோட்டா?"

நோட்டை மூடி அவளிடம் நீட்டினார்.

"இவருக்கு இடுப்புப் பிடிப்பைத் தவிர ஒண்ணும் இல்ல. அதைத்தான் நீங்க எழுதல."

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன்."

"சொன்னது சரி. நீங்க பார்த்தது என்ன?"

மேடம் அவள் காதருகே குனிந்து, "உங்களைப் பாஸ் பண்ணவைக்க மனுஷன் கதை விட்டிருக்கார். அதுகூடவா தெரியல?" என்று சீறினார். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக எத்தனையோ உயிரை இழுத்துப் பிடித்த கை, இப்போது அந்த நோட்டைப் பைக்குள் திணித்தது.

தேர்வாளருக்கே பாவமாகப் போயிற்று. "சரி, பிரஷராவது ஒழுங்கா பார்க்கறீங்களான்னு காட்டுங்க. இவரை விட்டுடுங்க, ரெண்டு வாரமா இவர் கையைப் படுத்தினது போதும். வேற யாராவது?"

சமையலறைக் கதவு மெல்லத் திறந்தது.

"இந்தப் பொண்ணு பெயிலாயிடுமா?" என்று கேட்டார் டிரைவரின் மனைவி.

"ஆகலாம்," என்றார் தேர்வாளர்.

மனைவி பிரஷர் கருவியைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு ஒரு மடக்கு எச்சில் விழுங்கிவிட்டு, அவள் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்குப் பாரு கண்ணு."

அவள் பட்டையைச் சுற்றினாள். காற்றை ஏற்றினாள். இறக்கினாள். முகம் மாறியது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, மறு கையில் பார்த்தாள்.

"நூற்றித் தொண்ணூறுக்கு நூற்றிப் பத்து," என்றாள். தேர்வாளர் கருவியை வாங்கித் தானும் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார்.

அவள் குனிந்து, சேலையின் ஓரத்தை விலக்கிக் கணுக்காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை உதறவில்லை. தரையில் மண்டியிட்டு அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கூடவே வர்றேன்."

"போனவங்க திரும்பி வர்றதில்ல கண்ணு. என் அக்கா வரல."

"என் கையை விடாதீங்க. நான் இருக்கற வரைக்கும் உங்களை யாரும் தனியா விட மாட்டாங்க."

யாரும் சொல்லிக்கொடுக்காமல், நோட்டைப் பார்க்காமல், வழி நெடுக அவள் பேசிக்கொண்டே போனாள். தேர்வாளர் பாஸ் என்று கையெழுத்துப் போட்டது எப்போது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இதயம் களைத்திருக்கிறது, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை, நல்ல வேளை, மருந்திலேயே சரிப்படுத்தலாம் என்றார் டாக்டர். அந்த அம்மா ஊசியின் தயவில் அயர்ந்து தூங்கிய பிறகு, அவள் வராந்தா பெஞ்சில் டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பாஸாகணும்னு நல்ல மனசோடதான் சொன்னீங்க ஐயா. ஆனா அந்தப் பொய்யெல்லாம் எழுதறதுலயே, வீட்டுல இருந்த நிஜமான நோயாளியை நான் பார்க்காமலே விட்டுட்டேனே."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா சிஸ்டர். நான் எதையும் பொய்யா சொல்லல, ஆளை மட்டும்தான் மாத்திச் சொன்னேன்."